ஆத்துப் படம் போடுகிறவர்: தாமிரபரணிக் கரை ஓவியக்கூடம் பற்றி

அரூப ஓவியம், அதாவது உருவங்களை வரையாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டுமே ஆன ஓவியம், நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ கொச்சிக்கோ ரயில் ஏற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வீரவநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, திருப்புடைமருதூர்ப் பக்கமாக ஓர் ஆட்டோ பிடித்தால் போதும். ஆற்றை ஒட்டிய கிராமம் ஒன்றில், பழைய நெல் குடோனை ஓவியக்கூடமாக மாற்றி வைத்துக்கொண்டு ஒருவர் வருடக்கணக்காக வரைந்துகொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியாட்களுக்குத் திறந்துவிடுகிறார். பகலில் படங்களைப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். சாயங்காலம் நாலரைக்கு ஒரு வகுப்பு. நான் வகுப்பிலும் உட்கார்ந்தேன், ஒரு படமும் வாங்கினேன். தன் பெயர் எழுத்தில் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் அங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். வீரவநல்லூர் ஆட்டோக்காரர்களிடம் "ஆத்துப் படம் போடுதவுக வீடு" என்று சொன்னால் நேராகக் கொண்டுபோய் விடுவார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் படம் பார்க்கும் விதத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை அளவெடுக்கும் வேலை. இருட்டறையில் ஒருவர் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். ஓவியம் படித்ததில்லை. ஆனால் கண் எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது என் தினசரி வேலை. அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்த மனிதரின் வேலை என்னை இழுத்தது.

உள்ளே போனதும் முதலில் கவனிக்க வேண்டியது படங்களை அல்ல, ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கும் பேரேடுகளை. மளிகைக் கடைகளில் வரவு செலவு எழுதும் அந்த நீள நோட்டுகளேதான். அண்ணாச்சி விடிவதற்கு முன்பே எழுந்து ஒரே படித்துறையில், ஒரே படியில் போய் உட்காருகிறார். கையில் ஒரு கறுப்பு அட்டை, அதில் காலணா அளவுக்கு ஓர் ஓட்டை. கையை நீட்டி அந்த ஓட்டை வழியாக ஆற்றைப் பார்க்கிறார். ஓட்டைக்குள் தெரிவது தண்ணீர், கரை, வானம் என்று பிரிந்து வருவதில்லை. வெறும் நிறமாக வருகிறது. அந்த நிறத்தை அங்கேயே கலந்து, தீப்பெட்டியளவு ஒரு பட்டையாக நோட்டில் பூசுகிறார். அடுத்த பட்டை, அதற்கடுத்த பட்டை. பக்கத்தில் பென்சிலால் சின்னக் குறிப்பு: "கார் நாற்று", "மேலே தண்ணி திறந்திருக்கு", "மேகம்", "பிசானம் அறுப்பு முடிஞ்சாச்சு". காரும் பிசானமும் எங்கள் பக்கத்து நெல் பருவங்கள். ஒரு பக்கத்தைப் புரட்டினால் சாம்பலும் பச்சையும், இன்னொன்றில் காவியும் பழுப்பும். நீலம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆறு என்றால் நீலம் என்று நாம் சின்ன வயதிலிருந்து கிரேயானால் தீட்டி வந்திருக்கிறோம். இவருடைய நோட்டில் நீலம் தலைகாட்டுவது வானம் துடைத்து விட்ட மாதிரி இருக்கும் நாட்களில், அதுவும் ஒன்றிரண்டு பட்டைகளில் மட்டும்.

இந்த ஓட்டை அட்டை சாதாரண உபாயம் இல்லை. நாம் பொருளைப் பார்த்ததும் மூளை வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டு, பொருளின் வழக்கமான நிறத்தை நமக்குக் காட்டுகிறது. வெள்ளை வேட்டி காலை வெயிலிலும் குண்டு பல்ப் வெளிச்சத்திலும் நமக்கு வெள்ளையாகவே தெரிவது அதனால்தான். சுற்றியிருப்பதை மறைத்துவிட்டால் இந்தக் கழிப்புக் கணக்கு வேலை செய்யாது. கண்ணுக்கு உண்மையில் வந்து சேருகிற நிறம் வெளியே தெரியும். வகுப்பில் எல்லோர் கையிலும் ஆளுக்கு ஓர் அட்டையைக் கொடுத்துவிடுகிறார். மருத மரத்தின் அடிமரத்தைப் பார்த்தேன். பழுப்பு என்று நினைத்துத்தான் பார்த்தேன். ஓட்டைக்குள் வெளிர் ரோஜாவும், அதையொட்டி பாசிப் பச்சையும் இருந்தன.

படங்கள் இந்த நோட்டுகளிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு மாதத்துப் பட்டைகளை விரித்து வைத்துக்கொண்டு, எந்த நிறம் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். படித்துறை, தோணி, கோபுரம் எதுவும் கான்வாஸுக்கு வராது. மெல்லிய அக்ரிலிக் பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று, நடுவில் தகட்டால் சுரண்டல், மறுபடி பூச்சு. சில படங்களில் முப்பது பூச்சு வரை போகும் என்றார். தலைப்பு கிடையாது. கீழே மூலையில் மாதமும் நேரமும் இடமும் மட்டும்: "மாசி, காலை 6.40, மேலப் படித்துறை."

அந்த மாசிப் படத்தின் முன்னால் நான் நின்ற நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலடிக்கு மூன்றடி இருக்கும். வாசலிலிருந்து பார்த்தால் ஒரே சாம்பல். இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். பெஞ்சில் உட்கார்ந்து பொறுத்துப் பார்த்தால் இடது பக்கம் பச்சை கூடுகிறது, நடுவில் ஒரு ரோஜா நிறம் கீழிருந்து எழும்புகிறது, அப்புறம் அந்த ரோஜாவுக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள விளிம்பு அசைகிறது. நிஜமாகவே அசைகிற மாதிரி இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. இரண்டு பரப்புகளின் வெளிச்ச அளவு ஒன்றாகவும் நிறம் மட்டும் வேறாகவும் இருந்தால், அவை சந்திக்கும் கோட்டைக் கண்ணால் நிலையாகப் பிடித்து வைக்க முடியாது. நம் பார்வையில் உண்மையிலேயே கூர்மையான பகுதி மிகச் சின்னது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கண் வினாடிக்கு இரண்டு மூன்று தடவை துள்ளித் துள்ளித் தேடிச் சேர்க்கிறது. அண்ணாச்சி ரோஜாவையும் பச்சையையும் வெளிச்சத்தில் சரிசமமாக வைத்திருக்கிறார். அந்தத் துள்ளலுக்குப் பிடி கிடைக்கவில்லை. ஓடுகிற தண்ணீரின் மேல் வெளிச்சம் நடுங்குவதை, தண்ணீரை வரையாமலே கொண்டுவந்துவிட்டார்.

இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு நிறங்களையும் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூசினாராம். அரூபம் என்றால் கை போன போக்கில் இழுப்பது என்று நினைப்பவர்களை இந்த ஒரு படத்தின் முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்த சுவரில் இருக்கும் இரட்டைப் படம்தான் என் மனதைப் பிடித்துக்கொண்டது. ஒரே அளவில் இரண்டு கான்வாஸ், பக்கத்தில் பக்கத்தில். இடதில் எல்லாம் தேன் நிறத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது. வலதில் அதே அமைப்பு, அதே பட்டைகள், ஆனால் நீலமும் ஊதாவும் பளிச்சென்று வெளியே வந்து நிற்கின்றன. மூலைக் குறிப்பு இரண்டிலும் ஒன்றே. "அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு கண்ணு மட்டும் ஆபரேஷன் ஆகியிருக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "நீங்க ஒருத்திதான் கேட்டிருக்கீங்க தங்கச்சி. வலது கண்ணு ஆயாச்சு. இடது இன்னும் இருக்கு."

கண்புரை வந்த லென்ஸ் மஞ்சளிப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்தை வடிகட்டிவிடும். மெதுவாக வருவதால் ஆளுக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த மறுநாள், "பச்சைன்னு நெனச்சிட்டிருந்த சேலை நீலமால்லா இருக்கு" என்று சொல்லும் ஆச்சிமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே கதைதான். குளத்து அல்லிகளை வரைந்துகொண்டிருந்த அவருக்கு 1923-ல் கண்புரை ஆபரேஷன் நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் நிறங்களோடு அவர் பட்ட பாடு பேர்போனது. அண்ணாச்சி செய்திருப்பது என்னவென்றால், இடது கண்ணை மூடி ஒரு வரிசைப் பட்டை, வலது கண்ணை மூடி ஒரு வரிசைப் பட்டை, ஒரே காலையில், ஒரே படியில். எந்தக் கண் சொல்வது உண்மையான ஆறு என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பார்வையைப் பற்றி இத்தனை நேர்மையான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் வேலையறையில் நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டதை, ஒரு சுவரில் முழுசாகப் பார்த்தேன்.

இந்த வரிசையை முடிக்கும்வரை இடது கண் ஆபரேஷனைத் தள்ளி வைத்திருக்கிறார். அதில் எனக்குச் சம்மதமில்லை, அவரிடமே சொன்னேன். புரை முற்றிக் கெட்டிப்பட்டால் ஆபரேஷன் சிரமமாகும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும் வாய்ப்புண்டு. இன்னும் ஒரு பிசானம் பார்த்துவிட்டுச் செய்துகொள்கிறேன் என்றார். செய்துகொள்ள வேண்டும். அங்கே போகிறவர்கள் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இனி வகுப்பு. ஒரு தடவைக்கு ஆறு பேர், கட்டணம் ஆளுக்கு எண்ணூறு ரூபாய், அட்டையும் தாளும் சாயமும் அவரே தந்துவிடுகிறார். முதல் அரை மணி நேரம் கூடத்துக்குள். ஒரே சாம்பல் தாளில் வெட்டிய இரண்டு துண்டுகளை, ஒன்றைச் சிவப்புத் தாள் மேலும் இன்னொன்றைப் பச்சைத் தாள் மேலும் வைக்கிறார். சிவப்பின் மேல் இருப்பது பச்சைச் சாயலாகத் தெரிகிறது, பச்சையின் மேல் இருப்பது சிவப்புச் சாயலாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ஒட்டவைத்துக் காட்டினால்தான் நம்ப முடியும். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தவர் செவ்ருல் என்ற வேதியியலாளர். 1839-ல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். இதை அண்ணாச்சி சொல்லி முடிக்கும்போது, எங்களோடு உட்கார்ந்திருந்த வீரவநல்லூர் நெசவாளர் ஒருவர், "கரை மாத்துனா உடல் நெறம் மாறும்லா, அதுதானே" என்றார். செடிபுட்டா சேலை நெய்கிற குடும்பமாம். அப்புறம் அரைமணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் பேசியதுதான் வகுப்பு. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நல்ல வாத்தியார் என்பதற்கு எனக்கு அது போதும்: தெரிந்தவர் ஒருவர் பேச ஆரம்பித்தால் தான் நிறுத்திக்கொள்கிறார்.

ஐந்தரைக்குப் படித்துறைக்கு இறங்குகிறோம். போனைக் கூடத்திலேயே வைத்துவிட வேண்டும், இதில் அவர் கறார். அட்டை வழியாகப் பார்த்து ஆளுக்குப் பத்துப் பட்டை பூச வேண்டும். நிறம் கலப்பது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறார். மஞ்சள் காவி, செங்காவி, அல்ட்ராமெரின் நீலம், அடர் பழுப்பு, வெள்ளை, இந்த ஐந்துதான். கறுப்பு டியூபே கிடையாது. நீலத்தையும் பழுப்பையும் கலந்தால் கறுப்பு வந்துவிடும், அதுவும் உயிருள்ள கறுப்பு. அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதனால் பார்த்ததை விட ஒரு சொட்டு வெள்ளை கூட்டிக் கலக்கச் சொல்கிறார். இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள் நிறையக் கிடைக்கும்.

பொழுது இறங்கியதும் தூரிகையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். தொட்டியில் ஒரு செம்பருத்திச் செடியைப் படிக்குக் கொண்டுவந்து வைத்தார். "பேசாம இதையே பாருங்க. கண்ணு பழகட்டும்." வெயில் இருந்தபோது பூதான் முன்னால் நின்றது, இலை பின்னால் இருந்தது. வெளிச்சம் குறையக் குறைய பூ மங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் கறுத்துவிட்டது. இலை வெளிறி, பூவை விட வெளிச்சமாக மேலே வந்தது. பகல் வெளிச்சத்தில் நம் விழித்திரையின் கூம்பு செல்கள் வேலை செய்கின்றன. 555 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்து மஞ்சள் பச்சைக்கு அவை அதிகம் கூர்மை. இருட்டில் குச்சி செல்கள் பொறுப்பெடுத்துக்கொள்கின்றன. அவற்றின் கூர்மை 507 பக்கம், நீலப் பச்சைக்கு நகர்ந்துவிடும், சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. புர்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி இருநூறு வருடங்களுக்கு முன்னால் கவனித்த விஷயம், பரீட்சைக்கு நான் படித்து எழுதிய விஷயம். முழுசாகக் கண் பழக இருபது முப்பது நிமிடம் தேவை என்பதும் தெரியும். ஆனால் மருத மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு பூ என் கண்ணெதிரே கைமாறுவதைப் பார்த்தது அன்றைக்குத்தான். என்னோடு வந்த மதினி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஓவியத்தில் துளியும் ஆர்வமில்லாதவர், எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு கூடத்துக்குத் திரும்பி, டியூப்லைட்டைப் போடாமல், ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில் ஒரு படத்தைக் காட்டுகிறார். பகலில் அதே படம் செங்காவிப் படம். அந்த வெளிச்சத்தில் நீலப் படம். பகலுக்கு ஒன்று, அந்திக்கு ஒன்று என்று ஒரே கான்வாஸில் இரண்டு படங்களைக் கட்டியிருக்கிறார். எண்ணூறு ரூபாய் இதற்கே தகும்.

வெள்ளப் படங்களைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் யாரும் மறக்கப் போவதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஆறு குடோனுக்குள்ளும் வந்தது. சுவரில் நெஞ்சு உயரத்துக்குக் கறை இன்னும் இருக்கிறது, வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார். கீழ்த்தட்டுப் பேரேடுகள் போய்விட்டன. தண்ணீர் வடிந்ததும் தரையில் கிடந்த வண்டலை வாளியில் அள்ளி, கலக்கி, கனமான மணல் அடியில் தங்கியதும் மேல் கலங்கலை மட்டும் இறுத்து, மறுபடி தெளிய வைத்து, கடைசியில் கிடைத்த மாவு மாதிரியான மண்ணை அக்ரிலிக் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார். பலகைகள் வரிசையாக இருக்கின்றன. கொஞ்சம் செம்மை, கொஞ்சம் சாம்பல், பெரும்பாலும் பழுப்பு. பரபரப்பு எதுவும் இல்லை. அந்த மண்ணைப் பார்த்ததும் என் தொண்டை அடைத்தது, ஆனால் அது படம் செய்ததா, நினைவு செய்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டு பலகைகளில் ஓரமாக வெடிப்பு விட்டிருக்கிறது. கனமாகப் பூசிய இடத்தில் மேல்தோல் முதலில் காய்ந்துவிடுவதால் வரும் வெடிப்பு. அதை அவரே காட்டி, அந்த இரண்டும் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

தேரி (செம்மணல் மேடு) வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தேரிக்குப் போய் இருந்து வரைந்தவை. மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு பூசிக்கொண்டிருப்பதால் வரும் அந்தச் சிவப்பு அபூர்வம்தான், அதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நிறத்தின் வீறாப்பை நம்பியே படம் நின்றுவிடுகிறது. ஆற்றுப் படங்களில் நிறத்துக்கும் நிறத்துக்கும் நடக்கிற பேச்சு இங்கே இல்லை. சிவப்பு, சிவப்பு, ஓரத்தில் ஒரு பனை நிழல் போல் கறுப்பு. ஆற்றுக்குத் தினமும் போகிறார், தேரிக்கு எப்போதாவது போயிருக்கிறார். அந்த வித்தியாசம் படத்தில் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

மேஜை மேல் இரண்டு ஓவியர்களின் படங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று கே.எம். ஆதிமூலம். சிற்றிதழ் வாசகர்களுக்கு அவருடைய எழுத்துருவும் கோட்டோவியங்களும் பழக்கம்; 2008-ல் மறைவதற்கு முன் கடைசிக் காலத்தில் அவர் தீட்டிய நிலத்தின் நிறங்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இன்னொன்று அச்சுதன் கூடல்லூர், பாரதப்புழைக் கரையில் பிறந்து, எஞ்சினீயர் வேலை பார்த்து, சென்னையில் முழுநேர அரூப ஓவியரானவர், 2022-ல் காலமானார். யாரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் இருக்கும் பழைய சுவரோவியங்களைச் சின்ன வயதில் பார்த்த கதையைச் சொன்னார். ராஜா, குதிரை, யுத்தம் எதுவும் அப்போது மனதில் நிற்கவில்லையாம். குறுகலான படியேறிப் போய், அரையிருட்டில் முதலில் வெறும் சிவப்பும் மஞ்சளும் தெரிந்து, வெகுநேரம் கழித்து உருவங்கள் வந்தனவாம். "அந்த மொத நேரத்தைத்தான் இன்னும் வரைஞ்சிட்டிருக்கேன்" என்றார்.

கூடத்தின் வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. ஓவியக்கூடம் என்றால் வடக்கு ஜன்னல் வேண்டும், அதில் நேர் வெயில் விழாது என்று ஐரோப்பியப் புத்தகங்களில் எழுதியிருக்கும். திருநெல்வேலி பூமத்திய ரேகையிலிருந்து 8.7 பாகைதான் வடக்கே. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் உள்ளே இறங்கும். அண்ணாச்சி அதற்கு ஒரு பழைய எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டியிருக்கிறார், வெளிச்சம் பால் மாதிரி பரவுகிறது. அந்த மாதங்களில் மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மட்டும் போகாதீர்கள், ஓட்டுக் கூரைச் சூடு தாங்காது, நிறங்களும் வெளுத்துத் தெரியும். காலை ஏழிலிருந்து பத்து சிறப்பு.

விலை: தாளில் செய்த சின்னப் படங்கள் மூவாயிரத்தைந்நூறிலிருந்து. இரண்டடிக் கான்வாஸ் பதினெட்டாயிரம். பெரியவை நாற்பதுக்கு மேல். பேரம் கிடையாது, தவணை உண்டு. நான் வாங்கியது தாளில் செய்த ஒரு புரட்டாசி, சாயங்காலப் படம். நல்ல பருத்திக் கூழ்த் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை). கட்டிக் கொடுக்கும் விதம் பிரமாதம். அக்ரிலிக் பூச்சு சூட்டில் இளகும். குமிழ் பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றினால் குமிழ் தடம் படத்தில் பதிந்துவிடும். அதனால் முதலில் வழவழப்பான மெழுகுத் தாள், மேலே துவைத்த பருத்தித் துணி, அதற்கு மேல் அட்டை. காரில் கொண்டுபோகிறவர்கள் டிக்கியில் வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். சட்டம் போடுகிறவர்களுக்கு: தாள் படத்துக்குக் கண்ணாடி வேண்டும், ஆனால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கான்வாஸுக்குக் கண்ணாடியே வேண்டாம். சாதாரணக் கண்ணாடி நூற்றில் எட்டுப் பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், இந்த மாதிரி மென்மையான படங்களில் அது உங்கள் முகத்தைத்தான் காட்டும்.

சாப்பாடு வகுப்போடு சேர்த்தி இல்லை. சுக்குக் காபியும் அவித்த பனங்கிழங்கோ கடலையோ கிடைக்கும். கழிப்பறை சுத்தம். படித்துறைப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொள்ளலாம், குறையொன்றும் வராது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார். நிறக்குருடு உள்ளவர்கள் தயங்க வேண்டாம். நான் கேட்டபோது, அவர்கள் பூசும் பட்டைகளைத் தனி நோட்டில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார். எனக்கு அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் போலிருந்தது, அவர் சம்மதிக்கவில்லை. சரிதான்.

திரும்பும்போது கடைசி மினி பஸ்ஸை நம்பாதீர்கள். வந்த ஆட்டோக்காரரிடமே ஏழரைக்கு வரச் சொல்லி வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் படித்துறை வகுப்பு இருக்காது. கூடம் மட்டும் திறந்திருக்கும். மழை நாளில் கிளம்புகிறவர்கள் வீரவநல்லூர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போங்கள், அன்றைக்கு வகுப்பு உண்டா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.